நல்லா இருக்கு சிஸ்டர்

சகாயராணியின் கைகளைப் பற்றி மாநிலம் முழுக்க நல்ல பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் பாதியைக் கிளப்பிவிட்டது சகாயராணியேதான். மீதிப் பாதியைக் கிளப்பியவர்கள் அவளிடம் பயிற்சி பெற்ற நர்சுகள். சான்றிதழில் கையெழுத்து விழுகிற வரைக்கும் அவர்களால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவள் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகிற வழியில் தணிவகம் என்று ஒரு மருத்துவமனை. இனி குணப்படுத்த வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிடுகிற புற்றுநோயாளிகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இருக்கிற நாட்கள் வலியில்லாமல் கழிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். மார்ஃபின் டாக்டரின் பொறுப்பு. மார்ஃபினுக்குத் துணையாகப் பாதம் பிடித்துவிடுவது, வெட்டிவேர் எண்ணெய் தடவுவது, மூச்சுப் பயிற்சி, மெல்லிசை என்று நாலைந்து விஷயங்கள் உண்டு. அவை துணைச் சிகிச்சை. பதினாறு வருடங்களாக அது சகாயராணியின் பொறுப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு குழுவாக மாநிலம் முழுவதிலுமிருந்து நர்சுகள் வருவார்கள். பயிற்சிக் கூடத்தின் சுவரில் அவளுடைய புகைப்படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி எடுத்த படம். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்ததால் கைகள் முகத்தைவிடப் பெரிதாக விழுந்திருந்தன. 'கையே முதல் மருந்து' என்று அடியில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னதும் அவள்தான்.

இப்படி இருக்கையில்தான் வலிப்பொட்டு வந்தது.

கொண்டுவந்தவள் ரிஸ்வானா. முப்பது வயதுக்குள் இருக்கும். சுகாதாரத் துறைக்காகப் பொட்டை உருவாக்கிய குழுவில் ஒருத்தி. பெங்களூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டிக்குள் அட்டை அட்டையாகச் சின்ன வட்டங்கள், நெற்றியில் வைக்கிற ஸ்டிக்கர் பொட்டைப் போலவே.

"காதுக்குப் பின்னால ஒட்டணும் சிஸ்டர். வலி மூளைக்குப் போற வழியில இது உக்காந்து எண்ணும். பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு எண்ணு திரையில தெரியும்."

"நாங்க வாயாலயே கேட்டுக்குறோமேம்மா. 'எப்படி இருக்கு'ன்னா சொல்லப்போறாங்க."

"வாய் சொல்றது வேற, நரம்பு சொல்றது வேற இல்லியா சிஸ்டர்?"

சகாயராணி சிரித்தாள். சின்னப் பெண், பாவம், நோயாளிகளோடு பழகியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

துறையின் உத்தரவு தெளிவாக இருந்தது. இனி எந்தத் துணைச் சிகிச்சையானாலும் பொட்டு காட்டும் வலி எண்ணைக் குறைக்க வேண்டும். ஒரு மாத அவகாசம். குறையாவிட்டால் பயிற்சி நிறுத்தப்படும். நர்சுகளின் கைகளுக்குப் பதிலாக 'இதம்' என்ற இயந்திரக் கைகளைக் கட்டில்தோறும் பொருத்துவார்கள். இதம் ஏற்கெனவே சோதனையில் தேறிவிட்டது. காலைப் பிடித்துவிடும்போது ஒன்றரைப் புள்ளி குறைக்கிறதாம்.

"ஒன்றரைதானா?" என்றாள் சகாயராணி. இதை அவள் பதினோரு பயிற்சி நர்சுகளுக்கு முன்னால், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவைத்தாள். பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்திக் காதைப் பொத்திக்கொள்வாள்.

செய்து காட்டுவதற்கு நோயாளியாக வீரபுத்திரன் முன்வந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் நாற்பது வருடம் ஏலம் கூவியவர். நுரையீரலில் தொடங்கிய நோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. உடம்பு பாதியாகியும் குரல் மட்டும் குறையாத மனிதர். நாலு மாதமாகத் தணிவகத்தில் இருந்தார். மனைவி இல்லை. மகன் துபாயில்.

காதுக்குப் பின்னால் பொட்டு ஒட்டினார்கள். சுவரிலிருந்த திரையில் 6.4 என்று வந்தது.

சகாயராணி முழங்கை வரை கையை மடித்துவிட்டுக்கொண்டாள். வெட்டிவேர் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தாள். குதிகாலில் ஆரம்பித்து விரல்நுனி வரைக்கும், ஒவ்வொரு அழுத்தத்தையும் எதற்காகச் செய்கிறாள் என்று விளக்கிக்கொண்டே இருபது நிமிடம் பிடித்துவிட்டாள். நர்சுகள் குறிப்பெடுத்தார்கள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"அதை ஏன் கேக்குற தாயி! சொர்க்கம். காலு இருக்குற இடமே தெரியல."

சகாயராணி வெற்றிப் புன்னகையோடு நர்சுகளைப் பார்த்தாள். நர்சுகள் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினாள்.

6.7.

யாரோ ஒருத்திக்குப் பொய்யான இருமல் வந்தது.

"பொட்டு சரியா ஒட்டல போலிருக்கே" என்றாள் சகாயராணி.

ரிஸ்வானா எழுந்துபோய்ப் பொட்டை எடுத்துவிட்டு வேறு ஒன்றை ஒட்டினாள். 6.7. இன்னொன்று. 6.7.

அன்று பிற்பகலுக்குள் சகாயராணி வார்டில் ஆறு பேருக்குப் பாதம் பிடித்துவிட்டிருந்தாள். நான்கு பேருக்கு எண் ஏறியது. ஒருவருக்கு அப்படியே நின்றது. கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு பாட்டியம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இறங்கியது. விசாரித்ததில், அந்தம்மா பிடித்துவிட ஆரம்பித்ததுமே தூங்கிப்போயிருந்தார். ஆறு பேரிடமும் கேட்டாள். விழித்திருந்த ஐந்து பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்:

"நல்லா இருக்கு சிஸ்டர்."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒரு பொட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கணவர் அந்தோணிசாமி மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்புவலிக்காரர். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய காலில்தான் சகாயராணி புது முறைகளையெல்லாம் பழகிப் பார்ப்பாள்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே?" என்றார் அவர், கொஞ்சம் பதற்றமாக.

"காலை நீட்டுங்க."

போன் திரையில் 2.0 என்றிருந்தது. பத்து நிமிடம் பிடித்துவிட்டாள்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு ராணி. ரொம்ப நல்லா இருக்கு."

3.1.

அவள் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்தோணிசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எத்தனை வருஷமாங்க?"

"அது வந்து... முதல் வருஷமே சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ டிரெய்னிங் போயிட்ட. திரும்பி வரும்போது சர்டிபிகேட்டோட வந்த. வந்ததும் அதுக்கு ஃபிரேம் போடச் சொல்லி என்னையேதான் அனுப்பின."

"ஃபிரேம் போடுறதுக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கலாம்."

"உன் கை ஒண்ணும் மோசம்னு சொல்ல மாட்டேன் ராணி. என்ன, சப்பாத்தி மாவுன்னு நெனச்சுக்கிட்டா ரொம்பப் பிரமாதம்."

சகாயராணிக்கு அழுகை வந்தது. பாதி அழுகையில் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சப்பாத்தி செய்யவில்லை.

மறுநாள் காலையில் அவள் பயிற்சிக் கூடத்துக்குப் போய் முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறிப் புகைப்படத்தைக் கழற்றினாள். இறங்கும்போது ரிஸ்வானா வாசலில் நின்றிருந்தாள்.

"சிஸ்டர், அதை அப்புறம் கழட்டலாம். முதல்ல இதைப் பாருங்க."

திரையில் ஒரு கோடு மேலும் கீழுமாகப் போயிருந்தது. முந்தின நாள் முழுவதும் வீரபுத்திரனின் வலி. யாரும் அவர் பொட்டை எடுக்கச் சொல்லாததால் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

"இங்க நீங்க பிடிச்சுவிடுறீங்க. ஏறுது. 6.7. இது நீங்க முடிச்ச நேரம். அதுக்கப்புறம் பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்க."

கோடு சரிந்து இறங்கியிருந்தது. 5.8. 4.9. 3.9. அங்கேயே இரண்டரை மணி நேரம் நின்றிருந்தது.

"இதம் மெஷின் இருக்கே, அது ஓடுற வரைக்கும்தான் எறங்கும். நிறுத்தின இருபதாவது நிமிஷம் பழைய இடத்துக்கு வந்துரும். இது மாதிரி எறங்கி நான் எங்கயுமே பார்த்ததில்ல சிஸ்டர். நேத்து நீங்க பிடிச்சுவிட்ட அஞ்சு பேருக்கும் இப்படித்தான். தூங்கின பாட்டியம்மாவுக்கு மட்டும் இல்ல."

சகாயராணிக்கு ஒரு நொடியில் உயிர் திரும்பியது.

"எண்ணெய் ஊறுறதுக்கு நேரம் வேண்டாமா! வெட்டிவேர் உள்ள எறங்கணும்ல? பதினாறு வருஷமா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்றாள். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அப்படிச் சொன்னதில்லை. கழற்றிய படத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, வீரபுத்திரனிடம் நல்ல செய்தியைச் சொல்லப் போனாள். ரிஸ்வானாவும் கூடவே வந்தாள்.

வீரபுத்திரன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கூரையைப் பார்த்துச் சிரித்தார்.

"எண்ணெயா? அந்த எண்ணெய் வாடை எனக்கு ஆகவே ஆகாது தாயி. குமட்டும்."

"பின்னே ஏண்ணே நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"நாப்பது வருஷம் ஏலம் விட்டவன் நான். அடிபட்ட தக்காளியக்கூட 'மலைச் சரக்கு, மலைச் சரக்கு'ன்னு கூவித் தள்ளி விட்டுருவேன். பொய் சொல்றதுல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனா உங்கிட்டச் சொன்னது அந்த மாதிரி இல்ல. இங்க வந்து நாலு மாசமாச்சு. ஒருத்தர் குளிப்பாட்டுறாங்க, ஒருத்தர் ஊட்டி விடுறாங்க, ஒருத்தர் மூத்திரப் பையத் தூக்கிட்டுப் போறாங்க. எல்லாரும் எனக்குச் செய்யுறாங்க. திருப்பி நான் யாருக்கு என்ன செய்ய? எந்திரிச்சு ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுக்க முடியுமா? நீ வந்து காலைப் பிடிப்ப. அம்புட்டு ஆசையா 'எப்படி இருக்கு'ம்ப. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா, உன் மூஞ்சி அப்படியே வெளிச்சம் போட்ட மாதிரி ஆவும். அதைப் பார்த்துக்கிட்டே படுத்துக்கிடப்பேன். இன்னைக்கு ஒருத்திக்கு ஒண்ணு செஞ்சோம்னு இருக்கும்."

சகாயராணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வருடம். நூற்றுக்கணக்கான பேர். அத்தனை பேருக்கும் தான் ஆறுதல் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். சாகக் கிடந்தவர்கள் வரிசையாக அவளுக்கு ஆறுதல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளோ அதற்குச் சான்றிதழ் வாங்கி ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறாள்.

வராந்தாவுக்கு வந்ததும் ரிஸ்வானா மெல்லச் சொன்னாள்: "வலி உடம்புல மட்டும் இல்ல சிஸ்டர். 'நான் யாருக்கும் பிரயோசனம் இல்ல'ன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுவும் அதே பாதையிலதான் மூளைக்குப் போகுது. பொட்டுக்கு ரெண்டையும் பிரிச்சு எண்ணத் தெரியாது. அவர் அந்தப் பொய்யைச் சொன்ன உடனே ரெண்டாவது வலி கழண்டு விழுந்துருக்கு."

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சகாயராணிக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு மனசாட்சி உறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் என்று அந்தோணிசாமி சொல்வதுண்டு. நோயாளியிடம் பொய்யை வாங்கிக்கொண்டு சம்பளத்தையும் வாங்குவதா என்று யோசித்தாள். அடுத்த நாள் வீரபுத்திரனின் காலடியில் உட்கார்ந்து, எண்ணெய் இல்லாமல் பிடித்துவிட்டு, நிமிர்ந்து சொன்னாள்:

"அண்ணே, இனிமே நமக்குள்ள பொய் வேண்டாம். எப்படி இருக்குன்னு உள்ளதைச் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"வேண்டாம் தாயி."

"சொல்லுங்கண்ணே. மாதா மேல ஆணை."

அவர் சொன்னார். கை உப்புத்தாள் மாதிரி இருக்கிறது, நரம்பைப் போட்டு நசுக்குகிறாய், எப்போது முடியும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன் என்றார். சகாயராணி தாங்கிக்கொண்டாள். தாங்கிக்கொண்டதாக அவள் நினைத்தாள். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, வீரபுத்திரன் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று கோடு இறங்கவில்லை. பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி நேரம். 7.2. மதியச் சாப்பாட்டை வேண்டாமென்றார். மூன்று மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முனகத் தொடங்கினார். டாக்டர் மார்ஃபினைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார், காலையில என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நான் உண்மையைக் கேட்டேன் டாக்டர்" என்றாள் சகாயராணி.

டாக்டருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. அந்த மனிதரிடம் கொடுப்பதற்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொருள். அதைத் தன் நேர்மைக்காகப் பிடுங்கி எறிந்துவிட்டாள். அவளுக்கு மனசு சுத்தமாகிவிட்டது. அவருக்குப் பகல் முழுக்க வலி.

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"பழையபடியே பொய் சொல்லுங்கண்ணே. நான் நம்புறேன்."

"கேட்டு வாங்குற பொய்யி செல்லாது தாயி" என்றார் அவர். குரலில் கோபமில்லை. "நீ நம்பணும். நீதான் தெரிஞ்சுக்கிட்டயே."

அவகாசத்தில் முதல் வாரம் முடிந்திருந்தது. ரிஸ்வானா அறிக்கையைத் தொடங்கியே ஆக வேண்டும். இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கண்டுபிடிச்சதை அப்படியே எழுதட்டுமா சிஸ்டர்?"

"எழுது. அடுத்த வாரமே சுற்றறிக்கை வரும். 'நோயாளிகள் தினமும் காலை பத்து மணிக்குத் தலா ஒரு பொய் சொல்ல வேண்டும். செவிலியர் முகமலர்ச்சியுடன் பெற்றுக்கொண்டு பதிவேட்டில் குறிக்க வேண்டும்.'"

ரிஸ்வானா சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தாள் சகாயராணி.

"இதம் மெஷினுக்குக் குரல் குடுத்துப் பார்த்தோம் சிஸ்டர். பிடிச்சு முடிச்சதும் 'இப்போது எப்படி இருக்கிறது?'ன்னு கேக்கும். ஒருத்தர்கூடப் பதில் சொல்லல."

"மெஷினுக்கு எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பயிற்சிக் குழுவில் தேவிகலா என்று ஒரு நர்சு, பரமத்தியிலிருந்து வந்தவள். பேசவே மாட்டாள். ஆனால் அவள் கை பட்டால் எண் இறங்கியது. சகாயராணி வெட்கத்தை விட்டு, "எனக்குச் சொல்லிக் குடும்மா" என்று அவளிடம் போய் நின்றாள். தேவிகலா பயந்துபோனாள். மூன்று நாள் சொல்லிக்கொடுத்தாள். நான்காவது நாள், "உங்க கை அப்படித்தான் சிஸ்டர், அது திருந்தாது போலிருக்கு" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் சகாயராணி வீரபுத்திரனிடமே போனாள்.

"அண்ணே, உள்ளதைச் சொல்லச் சொல்லி நான் கேக்க வரல. எனக்கு வேலை கத்துக்குடுங்க. உங்க காலு, உங்களுக்குத்தான் தெரியும். எங்க அழுத்தணும், எங்க விடணும்னு ஏலம் விடுற மாதிரி கூவுங்க. நான் செய்றேன்."

வீரபுத்திரன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தலையணையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். தொண்டையைச் செருமினார்.

"மெதுவா! மெதுவா! மாங்கொட்டையவா நசுக்குற? விரலை மடக்கு. ஆங். இன்னும் கீழ. கீழன்னா குதிகாலு, பழனி வரைக்கும் போவாத! ஆங், அங்கதான். அதை விட்றாத. விட்றாத... ஒரு தரம், ரெண்டு தரம்..."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். அரை மணி நேரத்தில் சகாயராணி வியர்த்துப்போனாள். அவள் கை கொஞ்சம், மிகக் கொஞ்சம், திருந்தியிருந்தது. அதைத் திருத்தியது தான்தான் என்று வீரபுத்திரனுக்குத் தெரிந்தது. கோடு 3.6க்கு இறங்கி மூன்று மணி நேரம் ஏறவே இல்லை.

மறுநாளிலிருந்து பதினோரு நர்சுகளும் ஒவ்வொருவராக அவர் காலடிக்கு வந்தார்கள். பிறகு மற்ற கட்டில்களுக்கும் போனார்கள். ஒருவர் கால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பேசவே சிரமப்படுகிற ஒருவர், ஆளைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது எங்கே கை வைக்கக்கூடாது என்று விரலால் காட்டினார். தூங்கிப்போகிற பாட்டியம்மா, எந்த இசை வேண்டவே வேண்டாம் என்று ஒரு நீளப் பட்டியல் கொடுத்தார். சகாயராணியின் பாடத்திட்டத்தில் இருந்த எல்லா இசையும் அதில் இருந்தது.

அறிக்கையில் ரிஸ்வானா இதைத்தான் எழுதினாள்: நோயாளி ஆசிரியராக இருக்கும்போது சராசரியாக இரண்டரைப் புள்ளி குறைகிறது, நீடிக்கிறது. பொய்யைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பயிற்சி நிற்கவில்லை. பாடத்திட்டம் மாறியது. முதல் இரண்டு வாரம் நோயாளிகள் பாடம் எடுத்தார்கள். மூன்றாவது வாரம் சகாயராணி, தன் கையால் என்னென்ன செய்யக்கூடாது என்று செய்து காட்டினாள். அந்த வகுப்புக்குத்தான் நல்ல கூட்டம்.

வீரபுத்திரன் அடுத்த குழுவுக்கும் பாடம் எடுத்தார். அதற்கடுத்த குழு வந்தபோது அவர் இல்லை. கடைசி இரண்டு நாள் குரல் போய்விட்டிருந்தது. கையைத் தட்டித் தட்டியே அதட்டினார் என்று, தேவிகலா ஊரிலிருந்து விசாரித்துப் போன் செய்தபோது சகாயராணி சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் போனை வைக்காமல் நின்றாள்.

ரிஸ்வானா பெங்களூருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆனால் கார் வந்த பிறகும் ஏறாமல் பயிற்சிக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தப் பொட்டை முதல்ல இங்கதான் கொண்டுவரணும்னு நான்தான் துறையில அடம் பிடிச்சேன். எங்கம்மா இங்கதான் இருந்தாங்க. நாலு வருஷம் முன்னாடி. ஜீனத் பேகம். கடைசி மூணு வாரம்."

சகாயராணி நினைவைத் துழாவினாள். எத்தனையோ முகங்கள். 'ஞாபகம் இருக்கும்மா, எப்படி மறக்க முடியும்' என்று நாக்கு நுனிவரை வந்தது.

"ஞாபகம் இல்லம்மா" என்றாள். "மன்னிச்சிரு."

ரிஸ்வானா தலையசைத்தாள். "பரவால்ல சிஸ்டர். அப்ப எனக்கு வேலையில சேர்ந்த புதுசு. லீவு கிடைக்கல. கேட்டிருந்தா கிடைச்சிருக்கும். நான் சரியா கேக்கல. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். மூணு நிமிஷம். 'எப்படிம்மா இருக்கே'ன்னு கேப்பேன். 'நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா'ம்பாங்க. அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாள் அதுவும் விட்டுப்போயிருக்கும். அவங்க சொன்னது நெசமான்னு எனக்குத் தெரியறதுக்குள்ள போயிட்டாங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நான் இந்தப் பொட்டு வேலைக்கே வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டியா?"

"தெரிஞ்சுக்கிட்டேன். அவங்களுக்கு வலிச்சிருக்கு. எல்லாரும் பொய்தானே சொல்றாங்க."

சகாயராணி கார்க்காரரைக் காத்திருக்கும்படி கைகாட்டிவிட்டு, அவளைப் பதிவேட்டு அறைக்கு அழைத்துப்போனாள். தணிவகத்தில் நாலு வருடம் முன்பு எல்லாம் கையெழுத்துதான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நோட்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அரை மணி நேரம் தேடி, தூசியைத் தட்டி எடுத்தாள். 'ஜீனத் பேகம், ஜூலை.' மேஜையில் வைத்துத் திறந்தாள்.

"சாயங்காலக் குறிப்பை மட்டும் பாரும்மா."

மூன்றாம் தேதி. 'மாலை 6.05: மகளுடன் போனில் பேசினார். 6.40: அமைதியாக உறங்குகிறார்.' நான்காம் தேதி, வேறு ஒரு நர்சின் கையெழுத்து. 'மகளுடன் போன். 6.30க்கு உறக்கம்.' ஐந்து. ஆறு. ஏழு. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்.

ரிஸ்வானா விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு படித்தாள்.

"நீ எதுவும் செய்யலன்னு நெனச்சுக்கிட்டிருக்க" என்றாள் சகாயராணி. "உங்கம்மாவுக்கு வலிச்சிருக்கும், இல்லேங்கல. ஆனா தினமும் ஆறு மணிக்கு அவங்க உனக்கு ஒண்ணு குடுத்துருக்காங்க. நீ போன்லயே அதை வாங்கிக்கிட்ட. அதனால தூங்கியிருக்காங்க."

நோட்டு பன்னிரண்டாம் தேதிக்கும் பதின்மூன்றுக்கும் வந்திருந்தது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம். ரிஸ்வானா குனிந்து பதின்மூன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சகாயராணி புரட்டுவதற்காகத் தாளின் முனையைத் தூக்கினாள். பின்பக்கத்தில் தன்னுடைய கையெழுத்தைப் பார்த்தாள்.

'14. மாலை 7.00: அமைதியில்லை. வலி என்கிறார். போன் வந்ததா என்று மூன்று முறை கேட்டார்.' அதற்கு எதிர்ப் பக்கம், பதினைந்து. அதுவும் அவள் கையெழுத்துதான். 'இன்றும் போன் இல்லை.' அதற்குக் கீழே இன்னும் நான்கு வரிகள் இருந்தன.

சகாயராணி அந்த முனையை அடுத்த தாளின் முனையோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டையும் ஒரே தாளாகப் புரட்டினாள்.

பதினாறு. 'மகளுடன் போன். வெகுநேரம் சிரித்தார். 6.50: உறக்கம்.'

ரிஸ்வானா எண்களோடு வாழ்கிறவள். அவள் பக்கத்தின் மேல்மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தேதியிலிருந்து கண்ணை எடுத்து வரியைப் படித்தாள். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்து முடித்து நோட்டை மூடினாள்.

"எல்லா நாளும் தூங்கியிருக்காங்க சிஸ்டர்" என்றாள்.

"ஆமாம்மா. எல்லா நாளும்."